தைராய்டுக் கட்டுரைகள்: சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

மருத்துவக் குறிப்புகளுக்குப் பக்கம் ஒதுக்காத தமிழ் இதழ் இன்று இல்லை எனலாம். அப்பக்கங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் பொருள்களுள் ஒன்று தைராய்டு. இக்கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருவோர், அடுத்த கட்டுரை எப்படி அமையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி உள்ளது என்று அது தொடங்கும். பிறகு சோர்வு, உடல் எடை கூடுதல், முடி உதிர்தல், மறதி, மாதவிலக்குக் கோளாறு என்று அறிகுறிகளின் பட்டியல் வரும். முட்டைக்கோசு கூடாது, கடல் மீன் நல்லது என்ற உணவுக் குறிப்பு அடுத்து வரும். ‘மருத்துவரை அணுகவும்’ என்ற வரியுடன் கட்டுரை நிறைவு பெறும்.

இவற்றால் பயன் இல்லை என்று சொல்வதற்கில்லை. சோர்வையும் வீக்கத்தையும் ‘வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று ஒதுக்கிவிட்ட பல பெண்களை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிய பெருமை இத்தகைய கட்டுரைகளுக்கு உண்டு. அவற்றில் அப்பட்டமான பொய்யும் அதிகம் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. சுரப்பி எங்கே இருக்கிறது என்று சொல்லும் கட்டுரை, அது எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகிறது என்று சொல்வதில்லை. இந்த ஒன்றை விட்டுவிடுவதால், பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்தவுடன் வாசகர் திகைத்து நிற்கிறார். கட்டுரை எந்த நேரத்தில் அவருக்குத் துணைநிற்க வேண்டுமோ, அந்த நேரத்தில் கைவிட்டுவிடுகிறது. இதனால் விளையும் தீங்குகள் எவை என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயர்க் குழப்பம்

‘எனக்குத் தைராய்டு இருக்கிறது’ என்று சொல்லாத ஊர் இல்லை. வயிற்றுவலிக்காரர் ஒருவர் ‘எனக்கு வயிறு இருக்கிறது’ என்று சொன்னால் நாம் சிரிப்போம். தைராய்டு மட்டும் உறுப்பின் பெயராக இருந்தது போய், நோயின் பெயராகிவிட்டது. பேச்சு வழக்கைக் கண்டித்துப் பயனில்லை. ஆனால், கட்டுரையாளரும் ‘தைராய்டு வந்தவர்கள்’, ‘தைராய்டு நோயாளிகள்’ என்று எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஏனெனில் இந்த ஒரு பெயருக்குள் நேர் எதிரான இரு நிலைகள் அடங்கியுள்ளன. சுரப்பி தேவைக்குக் குறைவாகச் சுரந்தால் உடலின் வேலைகள் மந்தமாகும். குளிர் தாங்காது; மலச்சிக்கல் ஏற்படும்; நாடித் துடிப்பு குறையும். தேவைக்கு மிஞ்சிச் சுரந்தால் எல்லாம் தலைகீழ். வெப்பம் தாங்காது, கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலியும். முதல் நிலைக்கு ஹார்மோனைக் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்கு ஹார்மோன் உற்பத்தியைக் கட்டுப்படுத்த வேண்டும். ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்குக் கேடு. ‘பக்கத்து வீட்டு அக்காவும் தைராய்டு மாத்திரைதான் சாப்பிடுகிறார்’ என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவது எத்தனை ஆபத்தானது என்பதை இந்த வேறுபாடு ஒன்றே உணர்த்திவிடும். ‘குறைசுரப்பு’, ‘மிகைச்சுரப்பு’ என்ற நல்ல தமிழ்ச் சொற்கள் பாடநூல்களில் ஏற்கெனவே உள்ளன. அவற்றைப் பயன்படுத்துவதற்கு என்ன தடை?

எண் ஏறினால் சுரப்பு ஏறியதா?

‘எனக்குச் சர்க்கரை’, ‘எனக்குப் பிரஷர்’ என்று சொல்லும்போது அவை கூடிவிட்டன என்றே பொருள் கொள்கிறோம். அதே பழக்கத்தில், பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். என்ற எண் உயர்ந்திருப்பதைக் கண்டவர் ‘எனக்குத் தைராய்டு அதிகம்’ என்கிறார். உண்மையில் அவருக்குத் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கிறது! இந்தத் தலைகீழ்ப் புரிதலைத் திருத்துவதே தைராய்டு பற்றி எழுதுவோரின் முதற் கடமை. பெரும்பாலான கட்டுரைகளில் இதற்கு ஒரு பத்திகூட இல்லை.

விளக்கம் கடினமானதன்று. தைராய்டு ஓர் ஆலைத் தொழிலாளி என்று கொள்வோம். மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதன் மேற்பார்வையாளர். இரத்தத்தில் தைராய்டு ஹார்மோனின் அளவைப் பிட்யூட்டரி எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அளவு குறைந்தால் ‘இன்னும் சுர’ என்று கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளைதான் டி.எஸ்.எச். என்னும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். தொழிலாளி சுணங்கச் சுணங்க மேற்பார்வையாளரின் குரல் உயர்கிறது. தொழிலாளி அளவுக்கு மீறி உழைத்தால் மேற்பார்வையாளர் வாய் திறப்பதில்லை. ஆகவே டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் பெரும்பாலும் குறைசுரப்பு. மிகவும் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் மிகைச்சுரப்பு. பிட்யூட்டரியே பழுதுபடும் அரிய நிலைகளில் இந்தக் கணக்கு பொருந்தாது.

இதைப் படித்த பள்ளி மாணவன் தன் தாயின் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, எண் எதைச் சொல்கிறது என்று விளக்க முடியும். அறிகுறிப் பட்டியலால் இது முடியாது. சோர்வும் மறதியும் முடி உதிர்தலும் இரத்தசோகையிலும் வரும், தூக்கமின்மையிலும் வரும், ஓய்வில்லாத குடும்ப வேலையிலும் வரும். எல்லோருக்கும் பொருந்தும் பட்டியல் யாருக்கும் வழிகாட்டாது.

அயோடின்: பாதி உண்மை

பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்த வாக்கியம், அயோடின் குறைவால் முன்கழுத்துக் கழலை தோன்றுகிறது என்பது. இது முற்றிலும் உண்மை. தைராக்சின் மூலக்கூறு ஒன்றில் அயோடின் அணுக்கள் நான்கு உள்ளன. அயோடின் கிடைக்காவிட்டால் ஹார்மோன் இல்லை. மேற்பார்வையாளரின் ஓயாத கட்டளையால் சுரப்பி வீங்குகிறது.

இந்த உண்மையை நம் நாட்டில் நிலைநாட்டிய ஆய்வு பெருமைக்குரியது. இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ விஞ்ஞானி வெ. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956-இல் இதைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. மூன்றாவது பகுதியில் குறையவில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு அளிக்கப்பட்டது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. இன்று கடையில் வாங்கும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். பத்துக் கிராம் உப்பில் அவ்வளவும் இருக்கிறது என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் நம் கட்டுரைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. அயோடின் உப்பு வீடு தோறும் வந்த பின்னும் குறைசுரப்பு ஏன் இத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை. விடையின் பெரும்பகுதி 1912-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, நான்கு பெண்களின் தைராய்டுச் சுரப்பிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றில் வெள்ளணுக்கள் திரண்டு புகுந்திருப்பதைக் கண்டு எழுதினார். உடலின் தற்காப்புப் படையே தன் சுரப்பியைத் தாக்குகிறது என்பது 1956-இல் தெளிவாயிற்று. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் குறைசுரப்புக்கு முதன்மையான காரணம் இதுவே.

இந்நோய் உள்ளவருக்கு ‘அயோடின் மிகுந்த உணவை ஏராளமாக உண்ணுங்கள்’ என்று அறிவுரை கூறுவது பயனற்றது. சில வேளைகளில் தீமையும் தரும். மிகையான அயோடின் இத்தகைய சுரப்பியை மேலும் முடக்கக்கூடும். அயோடின் உப்பே எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று சிலர் எதிர்த் திசையில் எழுதுவதும் தவறு. உப்பில் உள்ள அளவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கடற்பாசி மாத்திரை போன்றவற்றைத் தாமாக வாங்கி உண்பதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

முட்டைக்கோசின் மீதுள்ள பழியையும் இங்கே தீர்த்துவிடலாம். முட்டைக்கோசு, மரவள்ளி போன்றவற்றில் சுரப்பிக்கு அயோடின் சேர்வதைத் தடுக்கும் பொருள்கள் இருப்பது உண்மை. அயோடின் பஞ்சம் உள்ள இடத்தில் இவற்றையே முக்கிய உணவாகக் கொள்வோருக்கு அது கேடு. நம் வீடுகளில் வாரம் ஓரிரு நாள் சமைக்கும் பொரியலால் சுரப்பிக்குக் கேடு வருவதில்லை. தைராக்சின் மாத்திரை உண்பவர் முட்டைக்கோசை விடுவதைக் காட்டிலும், மாத்திரையை எப்போது உண்கிறார் என்று கவனிப்பது பல மடங்கு முக்கியம்.

மாத்திரையின் கதை

ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்துக் குறையை நிரப்பலாம் என்பதை 1891-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மர்ரே காட்டினார். கடுமையான குறைசுரப்பால் முகமும் கை கால்களும் ஊதிப்போய், பேச்சும் நடையும் தளர்ந்த 46 வயதுப் பெண்ணுக்கு, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அப்பெண் தேறினார். பின்னர் சாற்றை வாய்வழியே உண்டு, 28 ஆண்டுகள் நலமாக வாழ்ந்து 1919-இல் காலமானார். அதற்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன! இன்று நாம் உண்ணும் சிறு வெள்ளை மாத்திரை, அதே ஹார்மோனைச் சோதனைச் சாலையில் தொகுத்துச் செய்தது.

இந்த வரலாறு சுவைக்காக மட்டும் இங்கே சொல்லப்படவில்லை. ‘ஆயுள் முழுவதும் மருந்தா?’ என்ற அச்சத்துக்கு விடை இதில் இருக்கிறது. சுரப்பி தராத பொருளை அதே அளவில் நாம் தருகிறோம். உடலுக்குப் புதிய பொருள் எதையும் புகுத்தவில்லை. ஆகவே ‘எண் நார்மல் ஆகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்துவது, கிணற்றில் ஊற்று வற்றியிருக்க, தொட்டி நிறைந்துவிட்டது என்று லாரித் தண்ணீரை நிறுத்துவதற்கு ஒப்பாகும். மாத்திரை உண்பதால்தான் எண் நார்மலாக இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் வரும் அழற்சி போன்ற சில நிலைகளில் சுரப்பி தானே மீளலாம். அதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

உண்ணும் முறையும் சிகிச்சையின் ஒரு பகுதியே. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் மாத்திரையை விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பியோ உணவோ இல்லாமல் இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் தைராக்சினைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆதலால் அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. நம் பெண்களில் பலர் இரும்புச்சத்து மாத்திரையும் உண்பவர்கள். இந்த ஒரு செய்தியை அறியாமல் ‘மாத்திரை எனக்கு ஏறவில்லை’ என்று வருந்துவோர் உண்டு. தைராக்சினின் பாதி உடலிலிருந்து கழிய ஒரு வாரம் ஆகிறது. அளவை மாற்றிய பின் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே மீண்டும் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

மிகைச்சுரப்புக்குக் கார்பிமசோல் போன்ற மருந்து உண்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை தேவை. அரிதாக இம்மருந்து இரத்தத்தின் வெள்ளணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். மருந்து உண்ணும் காலத்தில் காய்ச்சலோ தொண்டைவலியோ கண்டால், சாதாரணச் சளி என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் சென்று வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். உயிர் காக்கும் இந்த வரி, முட்டைக்கோசுக்கு ஒதுக்கிய இடத்தில் வந்திருக்க வேண்டும்.

எண்ணுக்கு மருந்தா, ஆளுக்கு மருந்தா?

‘எல்லோரும் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ளுங்கள்’ என்று கட்டுரைகள் அறிவுறுத்துகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டி.எஸ்.எச். கல்லில் பொறித்த எண் அன்று. இரவில் ஏறும், பிற்பகலில் இறங்கும். வயது கூடும்போது ஓரளவு உயரும். வேறு நோய் கண்டு தேறும் நாட்களிலும் மாறும். எல்லையைச் சற்றே தாண்டிய எண், இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே திரும்பிவிடுவதும் உண்டு. ஆகவே, ஒரே சோதனையை வைத்து வாழ்நாள் மாத்திரையைத் தொடங்குவது முறையாகாது. டி.எஸ்.எச். சிறிதே உயர்ந்து, தைராக்சின் அளவு சரியாக உள்ள 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. மாத்திரை உண்டவர்களின் சோர்வு, வெற்று மாத்திரை உண்டவர்களின் சோர்வைவிடக் குறையவில்லை.

சோதனை மிகுந்தால் என்ன நேரும் என்பதற்குத் தென்கொரியா சான்று. அங்கு மற்றப் பரிசோதனைகளுடன், சிறு கட்டணத்துக்குக் கழுத்தை ஒலியலைக் கருவியால் பார்த்துச் சொல்லும் பழக்கம் பரவியது. 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்றுநோயின் வீதம் 1993-ஐப் போலப் பதினைந்து மடங்கு ஆயிற்று. ஆனால் அந்நோயால் இறப்போர் வீதம் மாறவே இல்லை. வாழ்நாள் முழுதும் தீங்கு செய்யாமல் இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளையே தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று. அறுவை செய்துகொண்டவர்களில் சிலருக்குக் குரல் நரம்பு பாதிக்கப்பட்டது. பத்தில் ஒருவருக்குச் சுண்ணாம்புச்சத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பிகள் செயலிழந்தன. 2014-இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே முன்வந்து மக்களை எச்சரித்த பிறகு அறுவைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கழுத்தில் தாமே கட்டியைக் கண்டவர் மருத்துவரிடம் காட்டத் தயங்கக் கூடாது. எந்தக் குறையும் இல்லாதவர் கழுத்தைத் துருவிப் பார்ப்பதுதான் வேண்டாதது.

சோதனை தவறக்கூடாத இடம்

அப்படியானால் சோதனையே வேண்டாமா? கட்டாயம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம் கட்டுரைகள் மிகக் குறைவாகப் பேசுவதும் அதைப் பற்றியே. பிறந்த குழந்தைதான் அது.

சில குழந்தைகள் தைராய்டு இல்லாமலோ, செயல்படாத தைராய்டுடனோ பிறக்கின்றன. உலகில் சுமார் 2000 முதல் 4000 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை உண்டு என்பர்; இந்தியாவில் இதைவிட அதிகம் என ஆய்வுகள் காட்டுகின்றன. தாயின் ஹார்மோன் ஓரளவு காத்திருப்பதால் பிறந்தபோது குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். அறிகுறி தெரியும்வரை காத்திருந்தால் மூளை வளர்ச்சியில் ஈடுசெய்ய முடியாத இழப்பு நேர்ந்துவிடும். இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினாலோ, குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து படிக்கும். தேவை, குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தம். அல்லது தொப்புள்கொடி இரத்தம். கனடாவின் கியூபெக்கில் ஜான் டுசோ இச்சோதனையை 1973-இல் வெளியிட்டார். பல நாடுகள் ஒவ்வொரு குழந்தைக்கும் இதைச் செய்கின்றன. நம் நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இது இன்னும் கிடைக்கவில்லை. பெற்றோர் கேட்டால் செய்யும் இடங்கள் உண்டு; கேட்பதற்கு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கருவுற்ற தாயையும் இங்கே சேர்க்க வேண்டும். முதல் சில மாதங்கள் கரு தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை உண்பவர் ‘கர்ப்பத்தில் மருந்து கூடாது’ என்று நிறுத்திவிடுவது பெருந்தவறு. பெரும்பாலோருக்கு அளவைக் கூட்டவே நேரிடும். கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள்

பக்கம் குறைவு, எளிமையாக எழுத வேண்டும் என்பன நியாயமான கட்டுப்பாடுகள்தாம். ஆனால் எளிமை என்பது விளக்கத்தை நீக்கிவிட்டுப் பட்டியலை மட்டும் வைப்பதன்று. தைராய்டு பற்றிய கட்டுரை எதுவாயினும், அது மூன்று கேள்விகளுக்கு விடை சொல்கிறதா என்று பார்க்கலாம். இது குறைசுரப்பா, மிகைச்சுரப்பா? அதற்குக் காரணம் அயோடின் குறைவா, உடலே தன் சுரப்பியைத் தாக்குவதா, பிறவிக் குறையா? தரும் மருந்து எதை ஈடு செய்கிறது, எப்படி உண்ண வேண்டும்? இந்த மூன்றுக்கும் விடை அறிந்த வாசகர், மருத்துவர் முன் அமரும்போது சரியான கேள்விகளைக் கேட்பார். மருத்துவரின் விடையையும் புரிந்துகொள்வார்.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை தைராய்டுக் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டால், டி.எஸ்.எச். ஏறுவதன் பொருள் அதில் இருக்கிறதா, பிறந்த குழந்தை அதில் இடம்பெறுகிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேளுங்கள். வாசகர் கேட்கத் தொடங்கிய பிறகு, எழுதுவோர் சொல்லாமல் இருக்க முடியாது.